எடை மேடை

பகாவ் செம்பனை ஆலையில்
எடை மேடைக் கிராணி நான்.
குலையோடு வரும் லோரியை ஒருமுறை,
கொட்டிவிட்டுப் போகும் லோரியை ஒருமுறை
நிறுத்துக் கழிப்பேன்.
பதினோரு வருஷமாகக் கழித்தலே பிழைப்பு.

வேலைக்கு வரும் மண் சாலையில் மோட்டார் சறுக்கி
முதுகெலும்பு நசுங்கிய பிறகு
கால்கள் மெல்லத் திரும்பி வந்தன, ஒரு குச்சியோடு.
சிறுநீர்ப்பை வரவில்லை.
நிறைந்தால் சொல்லாது.
சொல்லாமலே வழியும்.
நாற்காலி மெத்தை நனைந்துதான்
எனக்குச் சேதி வரும்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் மிஸி நோராய்னி
மூன்றை மேசையில் பரப்பினாள்,
பசார் மாலாமில் வளையல் பரப்புவதுபோல.
உள்ளேயே கிடக்கும் குழாய்: நுனியில் குட்டி பலூன், தொடையில் பை.
தொப்புளுக்குக் கீழே துளை போட்டு வைப்பது இன்னொன்று.
மூன்றாவது பென்சில் நீளம்கூட இல்லை.
நீயே நுழை, நீயே எடு,
நாலு மணிக்கு ஒருமுறை.
"ஆம்பளைக்கு மேலே மாட்டுகிற உறைகூட உண்டு,
கொடுத்துவைத்தவர்கள்"
மலாயில் சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டு முதலாவதைக் கேட்டேன்.
பார்க்க வேண்டாம், தொட வேண்டாம்,
அதற்காக.

நாலு மாசம்.
பஞ்சாபி சூட்டுக்குள் வெதுவெதுவென்று ஒரு பை,
யாரோ தொடையில் கை வைத்திருப்பதுபோல.
நாத்தனார் மகள் கல்யாணப் பந்தியில்
குழாய் மடங்கி,
அடைத்து,
பாயசம் வரும்முன் எழுந்து போனேன்.
கலங்கிய மூத்திரம். குளிர்காய்ச்சல், இரண்டு தடவை.
முகுந்தன் கூடத்தில் பாய் போட்டான்.
"தூக்கத்துல இழுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."
பயம்தான், பொய்யில்லை.
பகலிலும் அது அறை வாசலைத் தாண்டவில்லை.

அடுத்த முறை குழாய் மாற்றப் போன இடத்தில்
மூன்றாவதைக் கேட்டேன்.
மிஸி ஒரு கைக்கண்ணாடியைத் தந்தாள்.
நாற்பத்திரண்டு வயதில்
முதன்முதலாக அங்கே பார்த்தேன்.
இரண்டு பிள்ளை வந்த வழி தெரியும்,
இந்த வழி தெரியாது.
முதல் குழாய் தப்பான வாசலில் நுழைந்தது.
எறிந்தேன். இன்னொன்றைப் பிரித்தேன். அழுதேன். மறுபடி.
பதினேழாம் நாள் கண்ணாடி தேவைப்படவில்லை.
விரல் நுனிக்கு வழி தெரிந்துவிட்டது.
பிளாஸ்டிக் சட்டியில் சத்தம் கேட்டதும்
வந்த சந்தோஷம்
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இப்போது நோட்டில் எழுதுகிறேன்.
ஆறு மணி, நானூற்றிருபது.
பத்து மணி, முந்நூற்றைம்பது.
குடித்ததும் போனதும் ஒருநாளும் பொருந்தாது;
வெயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.
லோரிக் கணக்கென்றால் ஆடிட்டர் விடமாட்டார்.
முகுந்தனின் பாய் இன்னும் கூடத்தில்தான்.
சில ஞாயிற்றுக்கிழமை மட்டும்
சுருட்டியபடியே கிடக்கிறது.

ஆலைக் கழிப்பறையில் பை மாட்ட இடமில்லை.
தரை எப்போதும் ஈரம். தாழ்ப்பாள் ஆடும்.
பையின் வாரைப் பல்லால் கவ்விக்கொண்டு
எத்தனை நாள்?
மேனேஜர் லிம்முக்கு மலாயில் பாரம் எழுதினேன்.
ஒரு கொக்கி, ஒரு தட்டு, ஒரு தாழ்ப்பாள்.
காரணம் என்ற கட்டத்தில்
மருத்துவம் என்று எழுதி அடித்தேன்.
வசதி என்று எழுதி அடித்தேன்.
அப்புறம், இடமில்லாமல் ஓரத்தில் ஏறி,
முழுசாக எழுதினேன்: கதீட்டர், ஒரு நாளைக்கு ஐந்து முறை, லோகேஸ்வரி.
அவர் படித்தார்.
காது சிவக்கக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நேபாளித் தம்பி டிரில்லோடு வந்தான்.
எவ்வளவு உயரம் என்று சைகையில் கேட்டான்.
மூடிய பீங்கான்மேல் உட்கார்ந்து
கையை நீட்டிக் காட்டினேன்.
விரல் நின்ற இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு கிழித்தான்.

ஒரு வாரம் போயிருக்கும்.
என் கொக்கியில் துப்புரவுக்கார அமினாவின் துடோங்,
தட்டில் அவள் கைப்பேசி.
துடோங்கை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.
பையை மாட்டினேன்.
சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
வெளியே ஒரு லோரி ஹார்ன் அடித்தது, மறுபடி அடித்தது.
நிற்கட்டும்,
இங்கே ஒரு எடை இறங்கிக்கொண்டிருக்கிறது.